நல்ல டிரைவருக்கு மீட்டர் எதுக்கு?

போன மாதம் கோவையில் ஒரு இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அப்பாவின் பழைய பிக்கப்புக்குப் புது மீட்டர் போர்டு மாட்டிவிட்டதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடடா, அதையும் கெடுத்துட்டீங்களா?" என்றார். அப்புறம் பத்து நிமிடம் பேசினார். அந்தக் காலத்து டிரைவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எல்லாம் சொல்லிவிடுவார்களாம். காலடியில் வரும் அதிர்வில் டயர் காற்று தெரியுமாம். திரைகள் வந்த பிறகு உடம்பின் அறிவு செத்துவிட்டதாம். கடைசியாக, "நல்ல டிரைவருக்கு மீட்டர் எதுக்குங்க?" என்றார். கூட நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். 2009-ல், சத்தியமங்கலத்தில் ஒரு குடோன் வாசலில், அப்பாவின் முதலாளி சொன்னார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அப்போது அப்பா ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு டீசல் பிக்கப். கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் ரசிகர் மன்றத்தார் சண்டைக்கு வருவார்கள். சத்தியிலிருந்து பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி, தாளவாடிக்கு உரம், சிமெண்ட், மாட்டுத்தீவனம். இறங்கும்போது முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. திம்பம் ரோட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு வண்டிக்கு அதில் பாதி முதல் கியர், மீதி இரண்டாவது கியர். இன்ஜின் கொதிக்க இதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

அந்த வண்டியில் ஹீட் மீட்டர் வேலை செய்யாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் நான் கூட நின்றேன். "ஏப்பா, இத்தன வருசம் ஓட்டிட்டிருக்கற, உனக்கு மீட்டர் பாத்துத்தான் தெரியணுமாக்கும்? நல்ல டிரைவருக்கு மீட்டர் எதுக்கு?" என்றார் முதலாளி. அப்பா சிரித்தார். அது பாராட்டு மாதிரி இருந்ததால் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பதினைந்து வயதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, முப்பது மூட்டை உரத்தோடு ஏறும்போது, ரேடியேட்டர் ஹோஸில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை விழுந்தது. தண்ணீர் சொட்டிச் சொட்டிப் போயிருக்கிறது. சத்தத்தில் எதுவும் மாறவில்லை. பாதி மலை ஏறியதும் வண்டி இழுக்காமல் போனது, அப்புறம் வாடை வந்தது, அப்புறம்தான் சத்தம் மாறியது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. ரிப்பேர் செலவு 34,000 ரூபாய். அதில் பாதி அப்பாவின் சம்பளத்தில் பதினோரு மாதம் பிடிக்கப்பட்டது. "இன்ஜின் கொதிக்கறதுகூடத் தெரியாம ஓட்டிருக்கான், இவனெல்லாம் ஒரு டிரைவரா" என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார்.

கவிஞர் நண்பருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனிதர். ஆனால் முதலாளி காசு மிச்சம் பிடிக்கச் சொன்ன வாக்கியமும் கவிஞர் ரசனையில் சொன்ன வாக்கியமும் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு தொழிலாளிக்கு வேண்டிய கருவியை வாங்கித் தராமல் இருப்பதற்கு மிக மலிவான வழி, அந்தக் கருவி இல்லாமலேயே அவன் பெரிய ஆள் என்று சொல்லிவிடுவது. எல்லாம் நன்றாகப் போகிற வரைக்கும் அனுபவம், இன்ஜின் போனால் அலட்சியம். நம் இலக்கியத்தில் 'கைத்தொழிலாளியின் உள்ளுணர்வு' பற்றி இதுவரை எழுதித் தள்ளியதில் எத்தனை பக்கம் இந்த முதலாளிக்குச் சாதகமாகப் போயிருக்கும்? நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

காது பற்றி ஒரு விஷயம். காதுக்குத் தெரியும் என்பது பொய் இல்லை. டேப்பட் இடைவெளி கூடினால், பேரிங் தேய்ந்தால், நாஸில் அடைத்தால் அப்பா சொல்லிவிடுவார். பக்கத்துத் தெருவில் போகிற வண்டிக்கும் சொல்வார். ஆனால் சூடு என்பது சத்தம் போடுகிற விஷயம் அல்ல. 85 டிகிரியில் ஓடும் இன்ஜினுக்கும் 105-ல் ஓடும் இன்ஜினுக்கும் காதில் பிடிபடுகிற வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கேட்கும்போது உள்ளே இரும்பு ஏற்கெனவே இடம் மாறியிருக்கும். ஆயில் பிரஷரும் அப்படித்தான். காது சொல்வது நடந்து முடிந்ததை. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல ஒரு சென்சாரும் ஒயரும் முள்ளும் வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற பிரிக்கால் 1970-களிலிருந்து வண்டி மீட்டர்கள் செய்துகொண்டிருக்கிறது. நாட்டுக்கே மீட்டர் செய்து அனுப்பும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அரை மணி நேரத்தில் மாற்றக்கூடிய ஒரு ஹீட் சென்சார் இல்லாமல் அப்பா மலை ஏறினார்.

சட்டமும் இதில் பெரிதாக உதவாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி ஸ்பீடோமீட்டரைப் பற்றியது. டிரைவருக்கு வேகம் தெரிய வேண்டும், பத்து சதவீதத்துக்குள் சரியாகக் காட்ட வேண்டும். எஃப்.சி. காட்டப் போகும்போது மட்டும் கேபிள் மாட்டப்பட்டு, வந்த பிறகு அது அறுந்தால் அடுத்த எஃப்.சி. வரை அறுந்தபடியே கிடக்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேகம் தெரிந்தால் ரோட்டில் போகிறவனுக்கு நல்லது, சரி. சூடு தெரிந்தால் ஓட்டுகிறவனுக்கு நல்லது. அது அந்த விதியின் கவலை இல்லை.

2016-ல் முதலாளி அந்த வண்டியைக் கழித்துக்கட்ட முடிவு செய்தபோது அப்பாவே கடன் வாங்கி அதை வாங்கினார். ஏன் என்று கேட்காதீர்கள். செத்த ஹீட் மீட்டரையும் சேர்த்துத்தான் வாங்கினார்.

இனி 'ஒரிஜினல்' காதலர்களிடம் வருகிறேன். பழைய போர்டில் இருந்தது என்ன என்று பார்ப்போம். ஸ்பீடோமீட்டர் என்பது 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான். கியர்பாக்ஸிலிருந்து முறுக்குக் கம்பி ஒன்று சுழன்று வந்து ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், இரண்டும் தொடாது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதைக் கூடவே இழுக்கும், ஒரு மெல்லிய சுருள்வில் பின்னுக்கு இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் முள் நிற்கும். அழகான யோசனை, நூறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நான் கழற்றிப் பார்த்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ரசிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் எங்கள் வண்டியில் அந்த முள் 40-ல் 30-க்கும் 60-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது, கேபிளில் கிரீஸ் காய்ந்துபோனதால். 2014-க்குப் பிறகு அதுவும் இல்லை, அறுந்துவிட்டது.

டீசல் மீட்டர் ஹெட்லைட் போட்டால் கால் டேங்க் இறங்கும், அணைத்தால் ஏறும். இது எர்த் சரியில்லாததன் வேலை. ஹார்ன் அடித்தாலும் கொஞ்சம் இறங்கும். அதனால் அப்பா டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விடுவார். குச்சியில் பேனாக்கத்தியால் போட்ட கோடுகள் உண்டு. இந்தக் குச்சியை நண்பர் பார்த்தால் நிச்சயம் கவிதை எழுதுவார். அந்தக் குச்சி ஒரு அளவுகோல் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அப்பாவுக்கு மீட்டர் தேவையில்லை என்றால் மூங்கிலைச் சீவி ஒன்று செய்துகொண்டிருப்பாரா?

புது போர்டு மாட்டும் எண்ணம் புதுப்பேட்டையில் வந்தது. சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றப் போனேன். சமீபத்திய மாடல் பிக்கப் ஒன்றின் மீட்டர் போர்டு முகத்தில் கீறல்கூட இல்லாமல் ஒரு கடையில் தொங்கியது. 2,500 ரூபாய். ஊருக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். எல்லா முள்ளும் ஒருமுறை கடைசி வரை போய்த் திரும்பின. அப்புறம் அத்தனை எச்சரிக்கை விளக்குகளும் எரிந்தன. ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங். எங்கள் வண்டியில் இல்லாத பொருள்கள் எல்லாம் பழுதாகிவிட்டதாக அது அலறியது. அப்பா எட்டிப் பார்த்து, "இத்தன நோய் நம்ம வண்டிக்கு இருக்குதாக்கும்?" என்றார்.

சிக்கல் இதுதான். பழைய போர்டுக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு ஒயர் வரும். புதியதற்கு அப்படி இல்லை. கேன் என்று ஒன்று, பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்டது. முறுக்கிய இரண்டே ஒயர்கள், வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில் எண்களாகப் பேசிக்கொள்ளும். இன்ஜின் கம்ப்யூட்டர் 'சூடு இவ்வளவு' என்று சொன்னால்தான் மீட்டர் போர்டு முள்ளை நகர்த்தும். எங்கள் வண்டியில் பேசுவதற்கு யாருமில்லை. ஆகவே நானே ஒரு சின்ன கண்ட்ரோலர் போர்டை நடுவில் வைத்து, அதே மாடல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன் கேன் பேச்சை ஒட்டுக்கேட்டு, எந்த எண் எந்த முள்ளுக்கு என்று கண்டுபிடித்தேன். நான்கு மாதம் ஆனது. இதைப் படித்து யாராவது கிளம்பினால் வாழ்த்துகள், திருமணம் ஆனவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

முதல் முறை வேலை செய்த இரவு மறக்காது. வீட்டுத் திண்ணையில் போர்டு, லேப்டாப், ஒரு பழைய பேட்டரி. லேப்டாப்பில் 100 என்று அடித்தேன். ஸ்பீடோ முள் நூறுக்குப் போய் நின்றது. வண்டி பத்தடி தள்ளி, கல் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. நான் எதைச் சொன்னாலும் அந்தப் போர்டு நம்பும், அதையே டிரைவரிடம் சொல்லும். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பழைய காந்தமும் கிண்ணமும் தேய்ந்து போய்த் தப்பாகக் காட்டும், ஆனால் வேண்டுமென்றே எதையும் மறைக்கத் தெரியாது. புதியதில் முள்ளுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். என் விஷயத்தில் அது நான். கவிஞர் நண்பர் இந்த இடத்தில் என்னைப் பிடித்திருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். அவர் பிடிக்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நடுவில் உட்கார்ந்தவன் என்ன செய்வான் என்பதற்கு ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை பிக்கப்கள் நல்ல உதாரணம். 1980-களின் பிற்பகுதியில் அவற்றின் ஆயில் பிரஷர் மீட்டரை மாற்றினார்கள். முகப்பில் முள்ளும் கோடுகளும் அப்படியே. பின்னால் அளக்கும் சென்சாருக்குப் பதில் ஒரு சாதாரண சுவிட்ச், ஒரு ரெசிஸ்டர். குறைந்தபட்சப் பிரஷர் இருந்தால் முள் நடுவில் போய் நிற்கும், அதற்குக் கீழே போனால் விழும். அதாவது அது முள் வேஷம் போட்ட விளக்கு. முள் மேலும் கீழும் போவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பயந்து சர்வீஸுக்கு வந்துகொண்டே இருந்தார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். இன்றைக்கு ஓடும் பல கார்களில் ஹீட் முள்ளும் அப்படித்தான். ஏறக்குறைய 80-லிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் நட்ட நடுவில் அசையாமல் நிற்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி முள் எப்போதும் நடுவில் இருப்பதை இன்ஜினின் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும்.

இதை எல்லாம் படித்துக் கோபப்பட்டவன்தான் நான். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போர்டு வண்டியில் ஏறிய முதல் வாரம், அப்பா பண்ணாரியிலிருந்து போன் செய்தார். "கண்ணு, முள்ளு ஆடிட்டே இருக்குது. மேல போகுது, கீழ வருது. பாக்கப் பாக்கப் படபடங்குது." அது தெர்மோஸ்டாட் திறந்து மூடுவதால் வரும் ஆட்டம், 82-க்கும் 92-க்கும் நடுவில், எல்லா இன்ஜினிலும் இருப்பது. விளக்கிச் சொல்லலாம். ஆனால் எனக்கு அப்போது ஆபீஸில் வேலை, அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. சனிக்கிழமை போய் நாலு வரி கோடு எழுதினேன். 75-லிருந்து 100 வரை முள் நடுவில். அப்பாவுக்குத் திருப்தி. "இப்பத்தான் மீட்டர் சரியாச்சு" என்றார்.

அன்றைக்கு இரவு பஸ்ஸில் கோவை திரும்பும்போதுதான் உறைத்தது. நான் முதலாளியாகிவிட்டேன். அப்பாவுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று அப்பாவைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன், அவர் நன்மைக்காக. அவர் காசு மிச்சம் பிடித்தார், நான் ஒரு போன்காலை மிச்சம் பிடித்தேன்.

அடுத்த வாரம் அதை அழித்தேன். முள்ளோடு கூடச் சின்னத் திரையில் டிகிரி எண்ணும் வரும்படி செய்தேன். அப்பாவை உட்கார வைத்து, கொதிக்கும் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டைப் போட்டு அது திறப்பதைக் காட்டினேன். "இதுக்குத்தான் ஆடுதா?" என்றார். முப்பத்தைந்து வருடம் லோடு வண்டி ஓட்டியவருக்கு அதை யாரும் திறந்து காட்டியதில்லை.

டீசல் முள்ளை மட்டும் நான் நிதானப்படுத்தித்தான் வைத்திருக்கிறேன். வளைவில் டீசல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஃப்ளோட்டும் சாயும், அந்த ஆட்டம் டீசலின் அளவைப் பற்றிய செய்தி இல்லை. முப்பது வினாடி சராசரி எடுத்தால் தப்பில்லை. சூட்டின் ஆட்டம் இன்ஜினுக்குள் உண்மையிலேயே நடப்பது. எதை வடிகட்டலாம், எதைக் கூடாது என்ற கேள்விக்குப் பழசு புதுசு என்ற பேச்சில் பதில் கிடைக்காது. ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

டீசலைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். பழைய ஃப்ளோட் காலியில் 112 ஓம், நிறைந்தால் 4 ஓம். புது போர்டு எதிர்பார்ப்பது இதற்கு நேர் எதிர், அளவும் வேறு. நேராக இணைத்தால் டேங்க் நிறைய நிறைய முள் காலிக்குப் போகும். டேங்கை வடித்துவிட்டு ஐந்து லிட்டர் கேனில் ஒவ்வொரு கேனாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓம் குறித்து ஒரு அட்டவணை போட்டோம். பக்கத்தில் மூங்கில் குச்சியையும் விட்டுப் பார்த்தோம். குச்சியின் கோடுகள் மேல் பாதியில் கச்சிதமாக இருந்தன. கீழ் பாதியில் நாலு லிட்டர் அதிகம் காட்டின, டேங்க் அடியில் குறுகுவதைக் குச்சி கணக்கில் எடுக்கவில்லை. அப்பா வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜன் நகர் பக்கம் இரண்டு முறை டீசல் தீர்ந்து நின்றது ஏன் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

பழைய போர்டிடம் நான் தோற்ற இடமும் உண்டு. எல்லாம் மாட்டி முடித்த மறுநாள் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சத்தியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "பழைய சார்ஜ் பல்பை எங்கீங்க தூக்கிப் போட்டீங்க?" என்றார். அந்தச் சிவப்பு பல்பு வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சாவி திருப்பியதும் அதன் வழியாகப் போகும் சின்ன மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பிவிடுகிறது. மூன்று வாட் பல்பில் கால் ஆம்பியர் போகும். புது போர்டில் இருக்கும் எல்இடியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருந்தது. குப்பையிலிருந்து பழைய பல்பையே எடுத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். யாருக்கும் தெரியாமல் அது இப்போதும் உள்ளே எரிந்து அணைகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். படிக்கவில்லை, அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அவர் கையில் மல்டிமீட்டர் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

'ஒரிஜினல் கிலோமீட்டர் போயிடுமே' என்று ஒருவர் வருத்தப்பட்டார். 2014-லிருந்து நகராத எண் அது. அதற்கு முன்பே ஐந்து இலக்கமும் ஒன்பதாகி, எத்தனை முறை சுழியத்துக்குத் திரும்பியதோ. புது போர்டிலோ யாரோ முகம் தெரியாதவர் ஓட்டிய 61,000 சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு மத்திய சட்டமே உண்டு. மீட்டரை மாற்றும்போது பழைய எண்ணையே வைக்க முடியாவிட்டால் சுழியத்தில் வைத்து, மாற்றுவதற்கு முன்பிருந்த எண்ணையும் தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். சுழியத்தில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒட்டுவதை மட்டும் செய்தேன். பழைய எண், புது போர்டு வரும்போது இருந்த எண், தேதி. அப்பா அதன் மேல் திருநீறு பூசினார்.

இப்போது கவிஞர் நண்பருக்கு ஒரு செய்தி. உடம்பின் அறிவு செத்துவிடும் என்றீர்கள். போன வாரம் அப்பாவுடன் லோடோடு திம்பம் ஏறினேன். திரையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். "கீழருந்து ஒம்பதாவது வளைவுல 91 வரும் பாரு." வந்தது. "இப்ப எதிர்ல பஸ் வந்து நம்ம நின்னுட்டோம்னா 94 போகும், ஃபேனுக்குக் காத்துப் பத்தாது." போனது. எந்த வளைவில் கியரைக் குறைத்தால் எத்தனை டிகிரி மிச்சம், வெயில் நேரத்தில் எவ்வளவு கூடும், முப்பது மூட்டைக்கும் இருபத்தைந்து மூட்டைக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் ஆறு மாதத்தில் அவர் உடம்புக்குள் போயிருக்கிறது. 96 என்பது அவருடைய எல்லை, நான் சொன்னதல்ல. அதைத் தாண்டினால் ஓரங்கட்டி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தபடி நிற்பார். முப்பத்தைந்து வருடம் அவர் காதுக்கு எட்டாமல் இருந்த ஒன்று இப்போது தெரிகிறது. இதை எழுதுங்கள். மீட்டரைப் பார்க்கும் டிரைவரைப் பற்றி நம்மிடம் ஏன் ஒரு நல்ல வரிகூட இல்லை?

புது போர்டு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஆன்லைனில் வண்ணத்திரையோடு விற்கிறார்களே, அதை வாங்கிப் பழைய சென்சார்களோடு இணைத்துவிட்டுப் போட்டோ போடுகிறீர்கள். பின்னால் எர்த் துருப்பிடித்திருந்தால் அந்தத் திரை துருவை நீலக் கலரில் காட்டும், அவ்வளவுதான். நான் போட்ட காசில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. புது எர்த் ஒயர், கியர்பாக்ஸில் கேபிள் இருந்த இடத்தில் ஒரு பல்ஸ் சென்சார், சென்சார்களுக்கு ஃப்யூஸ். முக்கியமாக, சூட்டுக்கு இரண்டாவது சென்சார் ஒன்றை சிலிண்டர் ஹெட் இரும்பிலேயே மாட்டினேன். ஏனென்றால் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் தண்ணீரில் இருக்க வேண்டிய சென்சார் காற்றில் தொங்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது சூடு குறைவாகக் காட்டும். 2009-ல் ஹீட் மீட்டர் ஒழுங்காக இருந்திருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஹோஸ் சொட்டத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் பார்த்திருந்தால், ஆம். அதற்கப்புறம் பார்த்திருந்தால் அதுவே அவரை ஏமாற்றியிருக்கக் கூடும்.

அதனால் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் குறைந்தால் பீப் அடிக்கும்படி ஒரு லெவல் சென்சாரும் வைத்தேன். வளைவில் தண்ணீர் அலைந்தாலே அது கத்தியது. பத்து வினாடி தாமதம் கொடுத்துப் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. போன வாரம் ஏறும்போது சத்தமே வரவில்லையே என்று டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பஸ்ஸர் ஒயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, வைப்பர் ஒயரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.

"ஏப்பா கழட்டுனீங்க?"

"அது வளைவுக்கு வளைவு கத்துது. ரெண்டு சூடும் எண்ணாத் தெரியுதில்ல, நான் பாத்துக்கறேன்."

"ஹோஸ் போச்சுன்னா?"

"அதையுந்தான் பாத்துட்டு இருக்கறேன். ரோட்டப் பாக்க உடு."

பதினேழாவது வளைவில் 93 காட்டியது. நான் டேப்பைத் தொடவில்லை.